ஓமென்று சொல்லிப் பார்த்த கோட்டை

ஜோத்பூர்ப் பயணப் படங்களைப் பார்க்கவென்றே நண்பர் சற்குணம் பக்கத்து ஏவன்டேலிலிருந்து பிளாக்ஹவுஸ் பேயிலுள்ள நிக்கலஸ் வீட்டுக்கு வந்திருந்தார். நிக்கலஸ் டிவியில் ஒவ்வொன்றாகப் போட்டார். ஒரு கோயில், இன்னொரு கோயில், பிறகு குளக்கரையில் ஒரு கோயில். எல்லாவற்றிலும் நெற்றி நிறையக் குங்குமத்தோடு நிக்கலஸ் நின்றார். மன்னார் வேதக்காரரான, ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிற அதே நிக்கலஸ்தான்.

"சைவக்காரன் நானே ஒரு நாளில இவ்வளவு கோயில் கும்பிட்டதில்லை," என்றார் சற்குணம். "உந்தப் பேர்போன கோட்டை எங்க?"

"அதை இவரிட்டக் கேளுங்கோ," என்றாள் நிக்கலஸின் மனைவி ராசமணி.

அவளுக்கு டிவிப் படங்கள் கலங்கலாகவே தெரிந்தன. நடுப்பார்வை போய்க்கொண்டிருந்தது, ஓரங்களில்தான் மிச்சம். பாலைவன நகரத்தில் பாறை உச்சியில் நிற்கும் அந்த ராசாக்களின் கோட்டையைக் கண் முழுதாக மங்குமுன் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று கேட்டவள் அவள்தான். நிக்கலஸ் உடனே ஓம் என்றார்; அவர்கள் ஊர்ப் பேச்சில் ஓம் என்றால் ஆம். அந்த மனிதர் எதற்குத்தான் ஓம் சொல்லவில்லை? கேள்வி முடியுமுன்பே தலை ஆடிவிடும்.

ஜோத்பூரில் அதுவே வினையாய்ப் போயிற்று.

ஓட்டோக்காரர் பன்வர்லாலுக்கு ஹிந்திதான் தெரியும். கோட்டைக்கு என்று சைகை காட்டி ஏறினார்கள். வழியில் அவர் ஏதோ கேட்டார். "ஓம்," என்றார் நிக்கலஸ். இன்னும் ஏதோ கேட்டார். "ஓம், ஓம்." பன்வர்லால் ஓட்டோவை ஓரங்கட்டித் திரும்பி, பயபக்தியோடு இவரைக் கும்பிட்டார். பிறகு, "மந்திர்?" என்றார்.

"மந்திரிமார் இருந்த மாளிகையாக்கும்," என்று ராசமணிக்கு விளக்கம் கொடுத்துவிட்டு, அதற்கும் நிக்கலஸ் ஓம் என்றார்.

மந்திர் என்றால் ஹிந்தியில் கோயில். வாயைத் திறந்தால் ஓங்காரமே வருகிற இப்படியொரு பக்தர் கிடைத்த புளகாங்கிதத்தில், பன்வர்லால் ஊரிலுள்ள கோயில் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. அங்கே கொடுத்த பிரசாதத்தையெல்லாம் நிக்கலஸ் தின்றார். கடைசியாகக் கோட்டைக்கு வந்தபோது வாசல் பூட்டியாயிற்று. மறுநாள் காலை டெல்லிக்கு ரயில். ராசமணி ஓட்டோவுக்குள் இருந்தபடியே அழுதாள்.

ஹோட்டல் முகாமையாளருக்கு ஆங்கிலம் தெரியும். கண்ணைப் பற்றியும் ஓமைப் பற்றியும் அவள் அவரிடம் கொட்டித் தீர்த்தாள். அவர் மொழிபெயர்த்துச் சொல்ல, பன்வர்லால் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நின்றார்.

விடியும்போது அவரே வந்து கதவைத் தட்டினார். கோட்டை திறக்கும் நேரமில்லை. நீலம் பூசிய வீடுகளுக்கு நடுவே தன் வீட்டு மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனார். அவருடைய மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்து, ராசமணியின் தோளைப் பிடித்து மெல்லத் திருப்பிவிட்டாள்.

தலைக்கு மேலே கோட்டை நின்றது. பாறை எங்கே முடிந்தது, மதில் எங்கே தொடங்கியது என்று சொல்ல முடியவில்லை. வெயில் உச்சியிலிருந்து கீழே கீழே இறங்கி வந்தது. உள்ளே போயிருந்தால் பல்லக்கும் வாளும் கண்ணாடி வேலைப்பாடும் அவள் கண்ணுக்கு வெறும் கலங்கல்தான். இது அப்படியில்லை. நடுவில் மறைந்தாலும், மிச்சமிருந்த இரண்டு ஓரமும் நிறையக் கோட்டை இருந்தது. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துத் தமிழிலேயே நன்றி சொன்னாள் ராசமணி. அந்தப் பெண்ணுக்கு அது விளங்கிவிட்டது.

"அப்ப அந்தப் படம்?" என்றார் கதையைக் கேட்டு முடித்த சற்குணம்.

"எடுக்கேல்லை. இவரும் வாயைப் பிளந்துகொண்டெல்லோ நிண்டவர்."

சற்குணம் சிரித்துக்கொண்டே விடைபெற்றார். நிக்கலஸ் டிவியை நிற்பாட்டினார். இந்த மனிதர் மட்டும் சரியாகப் பதில் சொல்லியிருந்தால் அந்த மாடிக்குத் தான் போயிருக்கவே மாட்டேன் என்று ராசமணி நினைத்தாள். பன்வர்லாலுக்கு, அவர் மனைவிக்கு, கடவுளுக்கு என்று நாள்தோறும் நன்றி சொல்லி வந்தவள், இவருக்கு மட்டும் சொல்லவில்லை.

"இஞ்சரப்பா," என்றாள். "பன்வர்லால் வீட்டுக்கு இன்னொருக்காப் போவமே?"

"ஓம்."

"முழுக்கக் கேளுங்கோ. அப்ப எனக்கு ஒண்டுமே தெரியாமல் இருக்கும். நீங்கள்தான் பாத்துப் பாத்துச் சொல்லவேணும்."

இந்த முறை நிக்கலஸ் கடைசிச் சொல்வரை கேட்டார். பிறகு பக்கத்தில் வந்து இருந்து, அவளுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"ஓம்," என்றார்.