வாசனை நன்று

சப் ஜெயிலிலிருந்து கடிதம் வந்தபோது கவுஸ் பாஷா தன் கடையில் ஒரு தராசின் முள்ளை நிமிர்த்திக்கொண்டிருந்தார். தராசும் எடைக்கல்லும் விற்பது அவர் தொழில். ஊரில் எடைத் தகராறு என்றால் இரண்டு தரப்பும் அவரிடம்தான் வரும். அந்தப் பெயருக்காகத்தான் மண்டித் தெரு சப் ஜெயிலுக்கு அவரை விசிட்டராகப் போட்டிருந்தார்கள். அரசாங்கத்தில் வேலை பார்க்காத ஒருவர் வருஷத்துக்கு ஒரு தடவையாவது உள்ளே போய், கைதிகளின் சோற்றையும் தண்ணீரையும் வாயில் வைத்துப் பார்த்து, விசிட்டர் நோட்டில் எழுத வேண்டும் என்பது விதி. ஹெட் வார்டரைத் தாண்டி சப் கலெக்டரின் மேஜைவரை போவது அந்த நோட்டு ஒன்றுதான்.

அது 1983 ஜூன். மழை பொய்த்து, கிணறுகளில் சேறு தெரிந்த வருஷம். ரம்ஜான் மாதமும் கூட. போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் கடிதம் ரம்ஜானில்தான் வந்தது. அப்போது அது அவருக்கு உறைக்கவில்லை.

நாலு மணிக்கு ஜெயில் வாசலில் இறங்கினார். ஒரு பெண் ஓடி வந்து சைக்கிள் ரிக்‌ஷாவை மறித்தாள். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த கன்னியம்மாள். புருஷன் இருசப்பன் பம்புசெட் ஒயரை அறுத்தான் என்று கேஸ்; ஜாமீனுக்குப் பட்டா வைத்திருக்கிற ஆள் யாரும் இல்லாமல் இரண்டு மாதமாக உள்ளே இருக்கிறான்.

"பாய், நாலு நாளா வாந்தி பேதிங்க. டாக்டரு லீவுன்றாங்க. இன்னிக்கு நான் கூப்ட்டா கண்ணைக்கூடத் தொறக்கல. நீங்க நோட்டுல எழுதுனா ஆஸ்பத்திரிக்கு அனுப்பித்தான் ஆவணும்னு சொல்றாங்க. எழுதுங்க பாய்."

"பாக்கறேம்மா" என்றார்.

ஹெட் வார்டர் ராஜமாணிக்கம் சிரித்த முகமாக வந்தார். சுவரில் அன்று காலை அடித்த சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. கவுஸ் பாஷாவின் ஜிப்பாக் கையில் ஒட்டிக்கொண்டது. மேஜைமேல் வாழையிலை, இலையில் வெள்ளை வெளேரென்று சோறு, நெய் மிதக்கும் சாம்பார். பக்கத்தில் திறந்த நோட்டு, மூடி கழற்றிய பேனா.

"நோன்பு நேரத்துல செரமம் கொடுக்கறேன். வாசனை பாத்துட்டு ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க. போன தபா மாதிரியே."

நோட்டில் போன தடவை எழுதியதும் அதற்கு முந்தியதும் அவர் கையெழுத்திலேயே இருந்தன. 'நோன்பு காரணமாக உணவு ருசிக்கப்படவில்லை. வாசனை நன்று.' இரண்டு வருஷமும் ஒரே வரி.

"ரூமைப் பாத்துட்டு எழுதறேன்" என்றார்.

"அங்க எதுக்கு பாய், ஒரே நாத்தம்" என்று ராஜமாணிக்கம் சொல்லி முடிப்பதற்குள் அவர் நடந்துவிட்டார்.

பன்னிரண்டு பேருக்குக் கட்டிய அறையில் முப்பத்தொரு பேர் இருந்தார்கள். உட்கார்ந்தவன் காலை நீட்டினால் அடுத்தவன் மடியில்தான் நீட்ட வேண்டும். மூலையில் மலச்சட்டி நிரம்பி, தரையில் வழிந்து, அதன்மேல் தூவிய பிளீச்சிங் பவுடர் கஞ்சிபோல ஊறிக் கிடந்தது. ஈக்கள் அங்கிருந்து எழுந்து இருசப்பனின் உதட்டில் உட்கார்ந்தன. விரட்டக் கை இல்லாதவன்போல அவன் கிடந்தான். இடுப்புத் துணி அவன் கழித்ததிலேயே காய்ந்து விறைத்திருந்தது. மூன்றடி தள்ளி, கம்பிக்கு வெளியே குடிதண்ணீர். ரோட்டு வேலைக்குத் தார் வந்த பழைய டிரம். மேலே ஒரு கோணி.

கவுஸ் பாஷா மூக்கைப் பொத்தினார்.

கம்பியோரம் இருந்த கிழப் பிக்பாக்கெட் ஒருவன் அதைப் பார்த்துச் சிரித்தான். "வாங்க பாய். வாசனை நன்று போட வந்தீங்களா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மனு போட்டோம்ல. அதுக்கு வந்த பதில்ல உங்க வரியத்தான் எடுத்து எழுதியிருந்தாங்க. விசிட்டரே நல்லா இருக்குதுன்னுட்டாராம். நீங்க நோன்பு இருக்கற மாசமாப் பாத்துத்தான் ஹெட்டு கூப்புடுவாரு. எங்களுக்கு வருஷம் பூரா நோன்புதான், தொறக்கறதுதான் இல்ல."

உள்ளே இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். கவுஸ் பாஷாவுக்குக் காது சுட்டது. தேவை என்றால் நோன்பிலும் நாக்கு நுனியில் ருசி பார்த்துத் துப்பிவிடலாம் என்று பள்ளிவாசல் இமாம் எப்போதோ சொன்னது அவருக்குத் தெரியும். முதல் வருஷமே தெரியும். அருவருப்புக்கு நோன்பைத் திரையாகப் பிடித்தவர் அவர்தான். ராஜமாணிக்கம் அந்தத் திரைக்கு நாள் மட்டும்தான் குறித்தார்.

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "நோன்பை இங்கயே தொறக்கறேன். அப்புறம் எழுதறேன்."

ராஜமாணிக்கத்தின் சிரிப்பு போய்விட்டது. "அதுக்கு இன்னும் ரெண்டரை மணி நேரம் கெடக்குது பாய். ஊட்ல தேடுவாங்க."

"தேடட்டும். அந்த ஆளை இப்பவே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. நான் கெளம்பிடறேன்."

"டாக்டர் சீட்டு இல்லாம அனுப்ப முடியாதுங்க. டாக்டர் லீவு."

ஐந்து மணிக்குக் கைதிகளுக்குச் சோறு போட்டார்கள். நெய் சாம்பார் வந்த பாத்திரம் அந்தப் பக்கமே போகவில்லை. கலத்தில் விழுந்தது பழுப்புக் கட்டி. அதன்மேல் புளித்த நீர். தனக்கும் அதிலேயே ஒரு கலம் எடுத்து வைக்கச் சொன்னார் கவுஸ் பாஷா. பிறகு அறையைப் பூட்டினார்கள். வெயில் மலையின் பின்னால் இறங்கியது. ராஜமாணிக்கம் ஒரு ஆளை அனுப்பிப் பேரீச்சம்பழமும் பள்ளிவாசல் கஞ்சியும் வரவழைத்து மேஜையில் வைத்தார். கவுஸ் பாஷா இரண்டையும் தள்ளி வைத்தார்.

பாங்கு கேட்டது.

"டிரம்லேர்ந்து ஒரு டம்ளர்."

"வேணாம் பாய். ஆபீஸ்ல பானைத் தண்ணி இருக்குது. நாங்க அதான் குடிக்கறது."

"தெரியுது. இவங்க குடிக்கறதை ஊத்துங்க."

நோன்பு திறக்கும் துஆவைச் சொல்லிவிட்டு ஒரே மடக்காக விழுங்கினார். தாரும் சாக்கடையும் சேர்ந்து தொண்டையில் வழவழவென்று இறங்கின. நாக்கில் ஏதோ நெளிந்தது. சோற்றில் ஒரு கவளம் வாயில் வைத்தார். பல்லில் கல், அதற்குப் பின்னால் புழுங்கிய அரிசியின் வீச்சம். எழுந்தார். நிற்க முடியவில்லை. காலையிலிருந்து காய்ந்த வயிறு எல்லாவற்றையும் திருப்பி அடித்தது. புதுச் சுண்ணாம்புச் சுவர்மேல் வாந்தி எடுத்து, அதிலேயே சரிந்தார்.

பிறகு நடந்ததுதான் அவருக்கு இன்றுவரை குமட்டுவது. கால் மணி நேரத்தில் டாக்டர் வந்துவிட்டார். தாலுகா ஜீப்பில் வந்தார். லீவிலிருந்த அதே டாக்டர்.

"பாய், என்ன சாப்பிட்டீங்க?"

"உள்ள இருக்கறவன் சாப்பிடறதை. மொதல்ல அவனைப் பாருங்க. அதுவரைக்கும் என் கையைத் தொடாதீங்க."

டாக்டர் கைக்குட்டையால் மூக்கைக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். இருசப்பனின் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டார். கிள்ளினது கிள்ளினபடியே நின்றது. "ஏன்யா, இதை யாரும் என்கிட்ட சொல்லவே இல்லையே" என்று பொதுவாகச் சொன்னார்.

இருசப்பனை அதே ஜீப்பில் ஏற்றினார்கள். எழுந்து நிற்க முடியாதவனின் ஒரு கைக்கு விலங்கு மாட்டி இருந்தது. இன்னொரு கையைக் கன்னியம்மாள் பிடித்துக்கொண்டாள்.

கவுஸ் பாஷா நோட்டைக் கேட்டு வாங்கினார். தன் பழைய இரண்டு வரிகளுக்கும் பக்கத்தில் 'இது பொய்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு டிரம், சட்டி, முப்பத்தொரு பேர், இலைச் சோறு, கலச் சோறு என்று இரண்டு பக்கம் எழுதினார்.

"என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டீங்களே பாய்" என்றார் ராஜமாணிக்கம்.

இருசப்பன் பிழைத்தான். பதினோரு நாள் கழித்து அதே ஜெயிலுக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஜாமீனுக்கு இன்னும் ஆள் இல்லை. டிரம்முக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்திருப்பதாகக் கன்னியம்மாள் கடைக்கு வந்து சொன்னாள். பெயிண்ட் வெளியேதான் என்றாள்.

கவுஸ் பாஷாவுக்கு அரசாங்கத்திலிருந்து நாலு வரிக் கடிதம் வந்தது. நாள் முழுதும் உணவில்லாமல் இருந்ததால் விசிட்டருக்கு உடல்நலக் குறைவு ஏற்பட்டது, தண்ணீரில் குறையில்லை என்று கண்டிருந்தது. அவர் சேவைக்கு நன்றியும் சொல்லியிருந்தார்கள்.

ஜூலைக் கடைசியில் ஜவுளிக்கடை சக்கரவர்த்தி முதலியார் பூரிப்போடு கடைக்கு வந்தார். புது விசிட்டர் அவர்தான். கடிதத்தைத் தராசுத் தட்டின்மேல் வைத்துக் காட்டினார்.

"ஆடிக் கிருத்திகை அன்னிக்கு வரச் சொல்லியிருக்காங்க பாய். அன்னிக்கு நான் சாயங்காலம் பூஜை முடியற வரைக்கும் பச்சைத் தண்ணி தொட மாட்டேன். ஒருவிதத்துல நல்லதாப் போச்சு. அந்தச் சோத்தை வாயில வெக்க வேணாம் பாருங்க."

கவுஸ் பாஷாவின் நாக்கில் தார் ருசி ஏறியது. எழுந்து போய்த் தெருவில் துப்பிவிட்டு வந்தார்.

"போங்க முதலியாரே" என்றார். "ஆனா கையெழுத்துப் போட்டுட்டு வந்துடாதீங்க. உங்க பூஜை முடியற வரைக்கும் அங்கயே உக்காருங்க. நான் தொணைக்கு வரேன்."

சக்கரவர்த்தி கடிதத்தை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "பாக்கலாம் பாய்" என்றார்.