மரத்தடியில் மூன்று பேர்

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே உறுதியில்லை. பாக்கியநாதன் இதை என்னிடம் இரண்டு முறை சொன்னார். தலை எண்ணிய கடைசி ஞாயிறு வெயில் அடித்தது என்று ஒரு தடவையும், தூறிக்கொண்டிருந்தது என்று இன்னொரு தடவையும் சொன்னார். நான் வெயில் என்றே வைத்துக்கொண்டேன். எண்ணிக்கையை மட்டும் அவர் மாற்றவே இல்லை.

பாக்கியநாதன் தாலுகா ஆபீஸில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். திருமயம் பக்கம் ஒரு சபையில் ஏழு வருடமாகக் கமிட்டிச் செயலர். டவுன் கோயிலோடு சேர்த்து நான்கு கிராமங்களில் கிளை ஆலயங்கள் அந்தச் சபைக்கு உண்டு. எல்லாவற்றுக்கும் ஆயர் ஒருவர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் ஊர் ஊராக அலைவார். மூன்றாவது ஆலயத்துக்குப் போய்ச் சேரும்போது அவருக்குக் குரல் இருக்காது.

அதனால்தான் அந்த வருடம் கமிட்டி ஐந்தாண்டுத் திட்டம் போட உட்கார்ந்தது. நான்கு ஞாயிறு தொடர்ந்து எண்ணிப் பார்ப்பது. ஒரு ஞாயிறாவது இருபத்தைந்து பேர் வராத கிளையை மூடி, அந்த மக்களை டவுன் கோயிலோடு சேர்த்துவிடுவது.

"யாரை எண்ணுறது, எப்படி எண்ணுறதுன்னு முதல்ல எழுதிருவோம்" என்றார் பாக்கியநாதன். டவுன் கோயிலில் ஆண்கள் பாதிப் பேர் ஆராதனை முடிந்து ஆசீர்வாதம் சொல்லும்வரை காம்பவுண்டில் பைக் மேல் உட்கார்ந்து போன் பார்ப்பார்கள். அந்த எரிச்சல் அவருக்கு வெகுநாளாக இருந்தது. ஆலயத்துக்குள் வந்து அமர்ந்தவர்களை மட்டுமே எண்ண வேண்டும் என்று அவரே முன்மொழிந்தார். பள்ளிக்கூட ஆசிரியை சத்யா வழிமொழிந்தாள். தீர்மானம் நிறைவேறியது.

புளியடிப்பட்டிக்கு எண்ணப் போக யாரும் முன்வரவில்லை. அது பாக்கியநாதன் பிறந்த ஊர். "செயலர் ஐயாவே போகட்டும், சொந்த ஊருக்குக் கணக்குக் கூட்டிச் சொல்ல மாட்டாரு" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவைத்தார்.

புளியடிப்பட்டியில் ஒரு வழக்கம் உண்டு. முன்னொரு காலத்தில் ஊரிலேயே இருந்து ஆராதனை நடத்திய உபதேசியார் ஒருவர் ஏற்படுத்தியது. யாரோடாவது மனஸ்தாபம் இருந்தால், அது தீரும்வரை ஆலயத்துக்குள் போகக் கூடாது. வாசலுக்கு எதிரே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஆராதனையைக் கேட்க வேண்டும். வாய்க்கால் தகராறாக இருந்தாலும் சரி, ஆடு மேய்ந்த சண்டையாக இருந்தாலும் சரி, இரண்டு பக்கமும் மரத்தடிக்கு வந்துவிடும். ஒரே நிழலில் நாலு வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தால் ஐந்தாவது வாரம் யாராவது ஒருவர் வாயைத் திறந்துவிடுவார். இந்த வழக்கம் கமிட்டியின் எந்தப் புத்தகத்திலும் இல்லை; ஆயருக்கும் யாரும் சொன்னதில்லை.

முதல் ஞாயிறு பாக்கியநாதன் போனபோது மரத்தடியில் மூன்று பேர் இருந்தார்கள். தங்கை சொர்ணம், பக்கவாதத்தில் விழுந்து சக்கர நாற்காலியில் இருக்கும் அவள் புருஷன் பிச்சை, மகள் சுடர்விழி. மூவரும் அங்கே இருப்பது யாரால் என்று அவருக்குத் தெரியும்.

மூன்று வருடங்களுக்கு முன் சுடர்விழி ஞானஸ்நானம் பெறாத பையனைக் கட்ட விரும்பினாள். அருண்குமார் என்று பெயர். ஆலயத்தில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க முடியாது என்று கமிட்டி முடிவெடுத்தது. அந்தக் கடிதத்தில் செயலர் என்ற முறையில் பாக்கியநாதன் கையெழுத்துப் போட்டார். அது விதி. அதைக்கூட சொர்ணம் பொறுத்திருப்பாள். ரிஜிஸ்டர் ஆபீஸில் நடந்த கல்யாணத்துக்குத் தாய்மாமன் என்று போய் நிற்க வேண்டியவர் போகவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு அங்கே போய் நின்றால் கமிட்டி என்ன நினைக்கும் என்று அன்று முழுக்க வீட்டிலேயே இருந்துவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது. அருண்குமார் இப்போது கத்தாரில் இருந்தான். சுடர்விழி அம்மாவோடு இருந்தாள்.

வழக்கப்படி பார்த்தால் பாக்கியநாதனும் மரத்தடியில்தான் உட்கார வேண்டும். அவர் உள்ளே போனார். எண்ண வந்தவர் வெளியே உட்கார்ந்து எப்படி எண்ணுவது?

"செயலர் ஐயா உள்ள போகலாம். மரத்தடி நமக்குத்தான்" என்று சொர்ணம் மகளிடம் சொன்னது அவர் காதிலும் விழுந்தது.

உள்ளே இருபத்திரண்டு பேர். இரண்டாவது வாரம் இருபத்தொன்று. மூன்றாவது வாரம் மறுபடியும் இருபத்திரண்டு. மரத்தடி மூவரைத் தவிர ஊரில் அதற்குமேல் ஆள் இல்லை. மற்றவர்கள் பிழைப்புக்காகத் திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் இருந்தார்கள்.

நான்காவது ஞாயிறு சாட்சிக்கு சத்யாவும் வந்தாள். முதல் மணி அடித்து எல்லோரும் உள்ளே அமர்ந்ததும், வாசலில் நின்று எண்ணிய அவரிடம் சுடர்விழி வந்தாள்.

"மாமா, மூடிட்டா அப்பாவ எங்கிட்டுத் தூக்கிட்டுப் போறது? பஸ்ல ஏத்தவே நாலு ஆள் வேணும். வாரத்துல இந்த ஒரு நாளுதான் அவரு வீட்ட விட்டு வெளிய வாராரு."

"தெரியும்மா."

"நீங்க வந்து ஒரு வார்த்தை கூப்பிடுங்க. அம்மா வந்துரும். கட்டாயம் வந்துரும்."

அவர் வெயிலில் நடந்து மரத்தடிக்குப் போனார். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். கல்யாணத்துக்கு வராதது என் தப்பு. அவ்வளவுதான். நாலே சொல்.

"நல்லாருக்கீங்களா மச்சான்?"

பிச்சை கோணிய வாயால் சிரித்து, நல்ல கையைத் தூக்கினார். சொர்ணம் ஆலயத்தின் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாக்கியநாதன் நின்றார். உள்ளே யாரோ பாட்டுப் புத்தகத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. ஒரு ஆடு வந்து சக்கரத்தை முகர்ந்துவிட்டுப் போனது. அவ்வளவு நேரம் இருந்தது. அவர் சட்டைப் பையில் இருந்த எண்ணிக்கைத் தாளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"எண்ணியாச்சா?" என்றாள் சொர்ணம், திரும்பாமலே.

"எண்ணியாச்சு."

"எத்தனை?"

"இருபத்திரண்டு. நீங்க மூணு பேரும் உள்ள வந்தா இருபத்தஞ்சு."

அவள் அப்போதுதான் அவரைப் பார்த்தாள். மூன்று வருடத்தில் முதல் தடவையாக.

"எண்ணிக்கைக்கு ஆள் கூப்பிடவாண்ணே வந்த?"

இரண்டாவது மணி அடித்தது. அவர் உள்ளே போனார்.

அடுத்த வாரக் கமிட்டியில் அறிக்கை படித்தார். சத்யா எழுந்தாள்.

"ஐயா, வெளிய மூணு பேர் இருந்தாங்க. ஜெபத்துக்கெல்லாம் ஆமென் சொன்னாங்க. நானே கேட்டேன். பைக் மேல உக்காந்து போன் பாக்குற ஆளுங்க இல்ல அவங்க."

ஆயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சேத்துக்கலாம்னுதான் எனக்கும் தோணுது. செயலர் ஐயா, அவங்க ஏன் வெளிய இருந்தாங்க?"

எல்லோரும் பாக்கியநாதனைப் பார்த்தார்கள். காரணத்தைச் சொன்னால் மரத்தடியைச் சொல்ல வேண்டும். மரத்தடியைச் சொன்னால், மனஸ்தாபம் யாரோடு என்று அடுத்த கேள்வி வரும். பிறகு, நீங்கள் எங்கே உட்கார்ந்தீர்கள் என்று வரும். அவர் தீர்மானப் புத்தகத்தை எடுத்துப் பிரித்தார்.

"உள்ள இருந்தவங்களை மட்டுந்தான் எண்ணணும்னு தீர்மானம் இருக்குங்க ஐயா" என்றார் கடைசியில்.

"அது நம்ம போட்டதுதானே? மாத்தக் கூடாதா?"

"ஒரு ஊருக்காக மாத்தினா நாளைக்கு எல்லா ஊரும் கேக்கும்."

மூடுவதா என்று ஓட்டுக்கு விட்டார்கள். வேறு யாருக்கும் அந்த ஊரைப் பற்றி அவ்வளவு அக்கறை இல்லை. சத்யா மட்டும் கை தூக்கவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் புளியடிப்பட்டி ஆலயத்தைப் பூட்டினார்கள். இருபத்திரண்டு பேரில் எட்டுப் பேர் டவுன் கோயிலுக்கு வருகிறார்கள். ஐந்தாறு பேர் ரோட்டோரத்தில் தகரக் கொட்டகை போட்ட ஒரு ஜெப வீட்டுக்குப் போகிறார்கள். மற்றவர்கள் எங்கும் போவதில்லை. பிச்சை அடுத்த வருடம், ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் இறந்துபோனார். அடக்கத்துக்கு பாக்கியநாதன் போனார். சொர்ணம் அவரைப் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. சுடர்விழி புருஷனோடு கத்தாருக்குப் போய்விட்டாள். சொர்ணம் தனியாக இருக்கிறாள். ஆயரைக் கடற்கரைப் பக்கம் மாற்றிவிட்டார்கள். சத்யா இப்போது செயலர். பாக்கியநாதன் மறு தேர்தலில் நிற்கவில்லை. ஞாயிறு தவறாமல் டவுன் கோயிலுக்கு வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்.