உச்சி வரைக்கும் சார்ஜ்

எங்கள் நாட்டுத் தலைநகரான பிஷ்கெக்கில் எங்கள் குடியிருப்பில் முதன்முதலாகச் சீன மின்சாரக் கார் வாங்கியவன் நான்தான். அதனால் போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் பதில் சொல்லும் வேலையும் என் தலையில் விழுந்தது. எவ்வளவு தூரம் ஓடும்? குளிரில் என்ன ஆகும்? கரண்டு போனால் என்ன செய்வாய்? கல்யாண வீட்டில் கறித்தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தாலும் பக்கத்து ஆள் முதலில் என் காரைத்தான் விசாரிப்பார்.

ஊருக்குள் ஓட்டுகிறவனுக்கு இதைவிட நல்ல வண்டி கிடையாது. இதை யாரிடமும் அடித்துச் சொல்வேன். என் மனைவி குல்பாரா வேலை செய்யும் தையல் கூடத்திலிருந்து உடுப்பு மூட்டைகளைச் சந்தைக்குக் கொண்டு போய்ச் சேர்ப்பதுதான் என் பிழைப்பு. காலையில் போய் மாலையில் திரும்பினால் பாதி சார்ஜ் மிச்சம் இருக்கும். மூன்றாம் மாடி ஜன்னல் வழியாகக் கேபிளைக் கீழே விட்டு விடிய விடிய ஏற்றிக்கொள்வேன். தரைத்தள வீட்டுக்காரி மட்டும் தன் ஜன்னலை அது மறைக்கிறது என்று வாரம் ஒரு முறை சண்டைக்கு வருவாள். ஒரு கேபிள் எவ்வளவு ஜன்னலை மறைக்கும் என்று அவளிடம் கேட்டுப் பலனில்லை.

மலைப்பாதை வேறு விஷயம். அது எனக்குத் தெரியும். ஆனால் குல்பாராவின் அண்ணன் சுயுன்பாயிடம் மட்டும் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். அவர் மலைக்கு அப்பால் நாரின் ஊருக்குப் பக்கத்துக் கிராமத்தில், என் மாமனாரோடு அதே வீட்டில் இருக்கிறார். என் வயதுள்ள ஒரு பழைய ஜெர்மன் காரை வைத்துக்கொண்டு அது உறுமுவதைக் கேட்டே வயிறு நிறைகிறவர். "என்ன மாப்ள, பிளக்கு வண்டி நல்லா இருக்கா? தோலோன் கணவாய் ஏறுமா, இல்ல கழுத வாங்கி முன்னாடி கட்டணுமா?" என்பார். நானும் விடமாட்டேன். "கழுத எதுக்கு மச்சான், நீங்க இருக்கும்போது?" என்பேன்.

அந்த ஜனவரியில் ஒரு நாள் மாலை அவரிடமிருந்து போன் வந்தது. குல்பாரா இன்னும் கூடத்திலிருந்து திரும்பவில்லை. வழக்கமான நக்கல் இல்லாமல் அவர் மூச்சு மட்டும் கேட்டது.

"அப்பா போயிட்டாரு மாப்ள."

மாமனார் என்னைத் தன் பிள்ளையாக நடத்தியவர். சுயுன்பாய் மேலே பேசினார்.

"நாளைக்குப் பகல் தொழுகை முடிஞ்சதும் எடுக்குறோம். பெரியப்பா அதுக்கு மேல வெக்க விடமாட்டேங்குறாரு. தொழுகைக்கு முன்னாடியே குளிப்பாட்டி முகத்த மூடிடுவாங்க. அதுக்குள்ள குல்பாரா வந்து சேரணும். அவகிட்ட ஒண்ணும் சொல்லிடாதீங்க. அப்பாவுக்குச் சளி, கொஞ்சம் முடியலன்னு மட்டும் சொல்லிக் கூட்டிட்டு வாங்க. இங்க வந்தப்புறம் பெரியவங்க சொல்வாங்க."

"தெரியும் மச்சான்."

"அப்புறம்... அந்த பிளக்கு வண்டி வேணாம் மாப்ள. வேற வண்டி பிடிச்சு வாங்க."

அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் சாவுச் செய்தியைச் சொந்த மகளிடம் வழியில் வைத்துப் போட்டு உடைக்கக் கூடாது. ஊர்ப் பெரியவர்கள், சுற்றிலும் தாங்கிக்கொள்ள ஆட்கள் இருக்கும்போதுதான் சொல்ல வேண்டும். எங்களில் யாரும் இதை மீற மாட்டார்கள். இப்போது வாசலில் நம் கார் நிற்கும்போது வாடகைக்கு வேறு வண்டி பிடித்தால், வெறும் சளிக்கா இவ்வளவு அவசரம் என்று குல்பாரா கேட்க மாட்டாளா? பொய் சொன்னவன் அந்தப் பொய்க்குத் தகுந்த வண்டியில்தான் போக வேண்டும்.

விடியும் முன்பே கிளம்பினோம். முழு சார்ஜ் இருந்தது. கோடையில் அது நாரினுக்குத் தாராளமாகப் போதும். ஜனவரியில் பாதி வழியிலேயே குறைந்துவிடும். வழியில், கணவாய்க்கு முன்னால், கொச்கோர் என்ற ஊரில் சார்ஜ் போடும் இடம் ஒன்று உண்டு. அதை நம்பித்தான் வந்தேன்.

வேகமாகப் போனால் சார்ஜ் தீர்ந்துவிடும், மெதுவாகப் போனால் நேரம் போய்விடும். இரண்டுக்கும் நடுவில் நான் முழித்துக்கொண்டிருக்க, குல்பாரா நிம்மதியாக இருந்தாள். பையில் அப்பாவுக்கு வாங்கிய தேனும் எலுமிச்சையும் வைத்திருந்தாள். நான் ஹீட்டரைக் குறைப்பேன், அவள் கூட்டுவாள்.

"என்னங்க, விரலெல்லாம் விறைக்குது. நாளெல்லாம் மெஷின்ல உக்காந்து பாருங்க, அப்பத் தெரியும்."

"ஹீட்டர் நெறைய சார்ஜ் சாப்பிடுதும்மா."

"சாப்பிடட்டுமே. கொச்கோர்ல போட்டுக்கலாம்னு நீங்கதான சொன்னீங்க? அப்பாவுக்குச் சளிதான, ஓடியா போகப் போறாரு?"

நான் சாலையைப் பார்த்துக்கொண்டேன். ஒரு வார்த்தை சொன்னால் அவளே ஹீட்டரை அணைத்திருப்பாள். அந்த ஒரு வார்த்தை என் வாயில் வரக் கூடாது என்பதுதான் கட்டுப்பாடு. கொச்கோர் வரைக்கும் வண்டி கதகதப்பாக ஓடியது. எனக்கு மட்டும் வியர்த்தது.

கொச்கோரில் கரண்டு இல்லை. அணையில் தண்ணீர் குறைவு, அதனால் காலையில் நிறுத்திவிட்டார்கள், மத்தியானம்தான் வரும் என்று அங்கே நின்ற ஆள் கையை விரித்தான். மத்தியானம் வரைக்கும் நிற்க முடியாது. கணவாயின் உச்சியைத் தொட்டுவிட்டால் போதும். அங்கிருந்து நாரின் வரை இறக்கம்தான், இறங்கும்போது பாட்டரி தானாகவே கொஞ்சம் ஏறிக்கொள்ளும். ஆனால் உச்சிக்குப் போதுமான சார்ஜ் இல்லை என்று திரை சிவப்பாகக் காட்டியது.

அடிவாரத்துக் கிராமமான சாரி-புலாக்கில் ஒரு வீட்டில் விளக்கு எரிவதைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தி வாசலில் குரல் கொடுத்தேன். தாமாரா என்று ஒரு நடுத்தர வயதுப் பெண் வெளியே வந்தாள். கேபிளைக் காட்டினேன்.

"இதுக்கென்ன தம்பி, போடுங்க. ஆனா வாசல்ல நிக்கக் கூடாது. உள்ள வாங்க. கறி வெந்துட்டிருக்கு, சாப்பிடாம எங்கயும் போக முடியாது."

குல்பாராவுக்குச் சிரிப்பு வந்தது. சார்ஜ் போடப் போனால் விருந்தும் சாப்பிட வேண்டியிருக்கும் என்று ஊரில் எல்லோரும் கேலி பேசுவதுதான். அடுத்தவர் வீட்டுக் கரண்டை எடுத்துக்கொண்டு காருக்குள் உட்கார்ந்திருக்க எங்களில் யாருக்கும் மனசு வராது. உள்ளே மின்சார அடுப்பில் பெரிய சட்டியில் ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. வாசனை தூக்கியது.

குல்பாரா கை கழுவப் போனபோது தாமாரா என்னிடம் கேட்டாள்.

"எங்க போறீங்க?"

"நாரின் பக்கம். மாமனாருக்கு... கொஞ்சம் முடியல."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கை கழுவுகிற குல்பாராவைப் பார்த்தாள். போய்க் கறி கொதிக்கிற அடுப்பை அணைத்தாள். சுவரோரம் இருந்த ஹீட்டரைப் பிடுங்கினாள். வெந்நீர்க் கொதிகலனையும் நிறுத்தினாள். "எல்லாம் ஓடினா கரண்டு நூலாட்டம் வருது தம்பி. இப்ப உங்க வண்டிக்கு நல்லா ஏறும்" என்றாள். ஜனவரி மாதத்தில், மலையடிவாரத்தில், முன்பின் தெரியாத எங்களுக்காக அவள் தன் வீட்டைக் குளிரவிட்டாள்.

வீடு குளிர்ந்துகொண்டே வந்தது. பால் தேநீர் குடித்துக்கொண்டே மூன்று பேரும் கோட்டை மாட்டிக்கொண்டோம். அரை வேக்காட்டுக் கறி சட்டியிலேயே கிடந்தது. ஒரு மணி நேரம் போனதும் நான் எழுந்தேன். தாமாரா தடுக்கவில்லை. ரொட்டியை மட்டும் நீட்டி, "ஒரு விள்ளல் வாயில வெச்சுட்டுப் போங்க" என்றாள். பிறகு குல்பாராவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் அதிக நேரம் பிடித்துக்கொண்டாள்.

ஏற்றம் தொடங்கியது. நான் ஹீட்டரைத் தொடவில்லை. இரண்டு வளைவு போனதும் குல்பாராவே கையை நீட்டி அதை அணைத்தாள்.

"ஏம்மா? குளிருமே."

"சட்டியில கறி வெந்துட்டிருந்துச்சு. அந்த அக்கா அடுப்ப அணைச்சுட்டாங்க. இன்னும் கொஞ்சம் இருங்க, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்கன்னு ஒரு தடவ கூடச் சொல்லல."

நான் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தேன். விருந்தாளியைக் கறி சாப்பிடாமல் அனுப்புகிறவள் எங்கள் மலையில் கிடையாது. அந்த வீட்டிலிருந்து எங்களை அப்படி அனுப்ப ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும்.

"குல்பாரா..."

"சொல்லாதீங்க." அவள் சால்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டாள். "பெரியவங்க சொல்லட்டும். யாரும் சொல்லாத வரைக்கும் எங்கப்பாவுக்குச் சளி, அவ்வளவுதான். எத்தன மணிக்கு நாம அங்க இருக்கணும், அத மட்டும் சொல்லுங்க."

"பகல் தொழுகைக்கு முன்னாடி."

"அப்ப ஓட்டுங்க."

அந்த ஏற்றத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். எங்கள் மூச்சே கண்ணாடியில் உறைந்தது. அவள் பஸ் பயண அட்டையால் உள்பக்கம் சுரண்டிக்கொண்டே வந்தாள், நான் அந்த ஓட்டை வழியாகச் சாலையைப் பார்த்தேன். என் கால் விரல்கள் இருக்கின்றனவா என்றே தெரியவில்லை. நிலக்கரி ஏற்றிய லாரிகள் ஹாரன் அடித்து எங்களைத் தாண்டிப் போயின. சார்ஜ் இறங்கிக்கொண்டே இருந்தது. என்னைக் கேள்வி கேட்டவர்கள் எல்லோரையும் நினைத்துக்கொண்டேன். இந்த வண்டி அன்றாடத்துக்கு ஒத்துவருமா என்றால் வரும்தான், ஆனால் சாவு அன்றாடத்தைப் பார்த்து வருவதில்லையே! அப்போது எனக்கு அந்தக் காரின் மீது வந்த கோபத்துக்கு அளவில்லை. பக்கத்தில் பல் கிடுகிடுக்க உட்கார்ந்திருந்தவள் ஒரு குறை சொல்லவில்லை. அதுதான் என்னை அதிகம் சுட்டது.

"வண்டி நின்னுபோச்சுன்னா அண்ணன் ஜென்மத்துக்கும் சொல்லிக் காட்டுவான்" என்றாள் ஒரு வளைவில்.

"கழுத கொண்டுட்டு வரேன்னு கிளம்பிடுவாரு."

அவள் சிரித்தாள். கண்ணில் வந்த நீரைச் சுரண்டும் அட்டையின் பின்பக்கத்தால் துடைத்துக்கொண்டாள்.

உச்சியைத் தொட்டபோது திரையில் மிச்சம் ஒற்றை இலக்கம். அங்கிருந்து வண்டியை இறக்கத்தில் விட்டேன். எண் நின்றது. பிறகு மெல்ல ஏறத் தொடங்கியது. அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

மாமனார் வீட்டுச் சந்துக்குள் திரும்பினேன். தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது. முற்றத்தில் வெள்ளைக் கூடாரம் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்த பிறகு எந்த மகளுக்கும் யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அதன் வெளியே ஆண்கள் இடுப்பில் துணி கட்டி, கையில் கோலூன்றி நின்றார்கள். வெளியூர் வண்டி வரும் சத்தம் கேட்டதும் அவர்கள் குனிந்து ஓலமிட ஆரம்பிப்பார்கள். உள்ளே பெண்கள் ஒப்பாரி எடுப்பார்கள். முறை அப்படி. ஆனால் எங்கள் வண்டி வந்ததை யாரும் கேட்கவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் அது சத்தமில்லாமல் வந்து நின்றது.

அவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சுயுன்பாய்தான் கதை சொல்லிக்கொண்டிருந்தார். நான் பதறிப்போய் ஹாரனுக்குக் கையைக் கொண்டு போனேன். குல்பாரா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணாடிய இறக்குங்க."

இறக்கினேன். சுயுன்பாயின் குரல் தெளிவாக வந்தது.

"...அப்பா என்ன செஞ்சாரு தெரியுமா? கெடாவத் தூக்கி மோட்டார்சைக்கிள் பக்கத்துல மாட்டுன தொட்டியில உக்கார வெச்சு, தன்னோட ஹெல்மெட்டக் கழட்டி அதுக்கு மாட்டிவிட்டாரு. உன் ஹெல்மெட் எங்கன்னு போலீஸ்காரன் கேட்டதுக்கு, நான் ஓட்டுறதுல எனக்கு நம்பிக்கை இருக்கு, வண்டியில ஏற இவன்தான் புதுசுன்னாரு! போலீஸ்காரன் கெடாவுக்கு சல்யூட் அடிச்சு அனுப்பினான்!"

முற்றம் முழுக்கச் சிரித்தது. குல்பாராவும் சால்வைக்குள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள். பிறகு தேனும் எலுமிச்சையும் இருந்த பையை மடியிலிருந்து எடுத்து என்னிடம் கொடுத்தாள்.

"இப்பக் கதவத் திறங்க" என்றாள்.

எங்களைப் பார்த்ததும் ஆண்கள் திடுக்கிட்டுக் கோல்களைப் பிடித்துக் குனிந்தார்கள். ஓலம் எழுந்தது. பெரியப்பா நடுங்கிக்கொண்டே வந்து அவள் தோளைப் பிடித்து, "மகளே, மனச திடப்படுத்திக்கோ, உங்கப்பா..." என்று முறைப்படி சொன்னார். அவர் சொல்லி முடித்த பிறகுதான் என் மனைவி கத்தினாள். கூடாரத்துக்குள் திரைக்குப் பின்னால் மாமனாரை இன்னும் குளிப்பாட்டியிருக்கவில்லை. முகம் திறந்தே இருந்தது.

அடக்கம் முடிந்து திரும்பியபோது சுயுன்பாய் என் காருக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நக்கல் செய்யப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஹாரன் அடிச்சிருக்கலாமே மாப்ள. சத்தமே கேக்கல. நாங்க சிரிச்சிட்டு நின்னோம். அவ என்ன நெனச்சிருப்பா?"

"அடிக்கத்தான் போனேன். அவதான் கையப் பிடிச்சுட்டா. கண்ணாடிய இறக்கச் சொன்னா."

"கெடா கதைய கேட்டாளா?"

"முழுசா கேட்டா மச்சான். சிரிச்சா."

அவர் கையில் கோல் இல்லை. சுற்றிலும் முறைக்கு அழ யாரும் நிற்கவில்லை. என் காரின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு மனிதர் தேம்பித் தேம்பி அழுதார்.