ஒன்பதாவது சிப்

நான் பேய் பிசாசை நம்புகிற ஆள் இல்லை. சிப் சோதனைக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டியவள்.

எங்கள் சிப்புக்கு முதலிலிருந்தே ஒரே பெயர். பின்னால் எண் மட்டும் ஏறும். எத்தனை புதுசு வந்தாலும், முதல் சிப்புக்கு எழுதிய புரோகிராம் அதிலும் ஓட வேண்டும். அதனால் ஒவ்வொரு புது சிப்புக்கும் மின்சாரம் கொடுத்ததும் இங்கேயே வேலை பார்த்த என் அண்ணன் எழுதிய சோதனைப் புரோகிராமைத்தான் முதலில் ஓட்டுவோம். திரையில் ஒரே ஒரு வரி வரும்: "எழுந்துட்டேன், பாப்பா." பாப்பா நான்தான். நாலாவது சிப் வருவதற்குள் அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டான். வரி மட்டும் எட்டாவது வரை வந்துகொண்டிருந்தது.

ஒன்பதாவது வந்தது. மேனேஜரை நாங்கள் மொட்டை என்போம். அவர் சாவகாசமாகச் சொன்னார்: "பழைய புரோகிராம் ஓடுற வசதியையெல்லாம் இதுல வெட்டியாச்சும்மா. உங்கண்ணன் புரோகிராம் ஓடலைன்னு ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க, சுமை விட்டுது."

"சுமையா? எங்கண்ணன் உங்களுக்குச் சுமையா?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கண்ணை மறைத்த தண்ணீரோடு சிப்பின் சூட்டைத் தணிக்கிற விசிறியைப் போர்டில் பூட்டி, பட்டனை அழுத்தினேன். அவர் போன் பேச வெளியே போனார். இன்றோடு அண்ணன் குரல் அவ்வளவுதான் என்று திரையைப் பார்த்தேன்.

"எழுந்துட்டேன், பாப்பா."

ஐயோ, எனக்கு வந்த சந்தோஷம்! வெட்டியது சரியாக வெட்டுப்படவில்லை, அவ்வளவுதான் என்று நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், மேஜை ஓரத்தில், காபி டம்ளர் பக்கத்தில், டப்பாவுக்குள் ஒன்பதாவது சிப் உட்கார்ந்திருக்கிறது. எங்களிடம் இருந்ததே அது ஒன்றுதான். கோபத்தில் அதை வைக்காமலே விசிறியைப் பூட்டியிருக்கிறேன்.

சிப் இல்லாமல் அந்தப் போர்டுக்கு உயிரே கிடையாது. விசிறியைக் கழற்றினேன். சிப் உட்காரும் குழி காலி. திரை மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அண்ணன் எழுதியே இராத இரண்டாவது வரி மெதுவாக வந்தது.

"மூடு, பாப்பா. குளிருது."

கதவுக்கு வெளியே மொட்டையின் செருப்புச் சத்தம் கேட்டது. விசிறியைத் திரும்பப் பூட்டினேன், திரையை அணைத்தேன்.

"என்னம்மா, ஓடுச்சா?"

"ஓடலை சார்," என்று கையெழுத்துப் போட்டேன். "ஆனா இந்தப் போர்டை மட்டும் நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்."