பெரிய நாக்கு, சின்ன நாக்கு

எங்கள் தேயிலைக் கம்பெனியில் என்னைப் பெரிய நாக்கு என்பார்கள், என் ஓரகத்தியைச் சின்ன நாக்கு. கொழுந்தனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டு மாடிக்கு வந்தவள், மறு வருஷமே என் வேலைக்கும் வந்து சேர்ந்தாள். சிபாரிசு செய்தவள் நானேதான். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

எங்கள் வேலை ருசி பார்ப்பது. நீள மேடையில் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு தோட்டத்துத் தேயிலை. கரண்டியால் எடுத்து, சத்தமாக உறிஞ்சி, நாக்கில் சுழற்றி, சக்கரம் வைத்த தொட்டியில் துப்பிவிட்டு அடுத்ததுக்கு நகர வேண்டும். மேடை முனையில் ஒரு நாற்காலி. எது எந்தக் கலவைக்குப் போகும் என்று அதில் உட்கார்ந்திருப்பவர் சொல்வதுதான் தீர்ப்பு. பழைய தலைமை டேஸ்டர் ஓய்வு பெற்றதும் அதில் நான் தற்காலிகமாக உட்கார்ந்தேன். நிரந்தரம் யாருக்கு என்று இந்த சீசனில் சொல்வதாக மேனேஜர் சொல்லியிருந்தார். போட்டிக்கு இரண்டே பேர். இரண்டு பேரும் ஒரே சமையலறையில் சாப்பிடுகிறவர்கள்.

அவளுக்கு லேசாக மூக்கு அடைத்தால் போதும், லீவு சொல்லிவிட்டு இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவாள். கும்பகர்ணி என்று வீட்டிலும் ஆபீஸிலும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். சளி என்று நான் ஒரு நாள்கூட நாற்காலியைக் காலியாக விட்டதில்லை. அதற்கான மருந்து எப்போதும் என் கைப்பையில் இருந்தது.

முதலில் எனக்கு வயிற்று வலி வந்தது, பிறகு அவளுக்கு. சோதித்துப் பார்த்தால் இரண்டு பேர் வயிற்றிலும் ஒரே வகைக் கிருமி. ஒரே வீடு, ஒரே கோப்பை வரிசை, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. எனக்குச் சந்தேகமே இல்லை, அவளிடமிருந்துதான். இருவருக்கும் ஒரே மாத்திரைகளை இரண்டு வாரம் கொடுத்தார். ஒரு மாதம் போனதும் பையில் மூச்சை ஊதச் சொல்லிச் சோதித்தார்கள். அவளுடையது சுத்தமாகப் போய்விட்டது. என்னுடையது குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தது.

அன்று ராத்திரி அவள் வறுத்த மீனை மொறுமொறு என்று கடித்துக்கொண்டிருந்தாள். எதிரே நான் கஞ்சி குடித்தேன். எனக்கும் ஒரு துண்டு எடுத்து வைக்கவா என்று கேட்டாள். அன்பாகத்தான் கேட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கிருமிகூட அவள் சொன்னால் கேட்கிறதே என்று பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த தடவை டாக்டரம்மா வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டு, வயிற்றில் புண் இருப்பதைப் பார்த்து, அங்கிருந்து ஒரு துளி சதை எடுத்து, அதில் இருந்த கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கச் சொன்னார். நான் சாப்பிட்ட மருந்துகளில் ஒன்று அதைத் தொடவே இல்லை என்று முடிவு வந்தது. அந்த வகை மருந்தை முன்னால் அடிக்கடி சாப்பிட்டதுண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். என் வீட்டுக்காரர் அந்த நேரம் பார்த்துத் தன் மூக்குக்கண்ணாடிக்காக என் கைப்பையைக் குடைந்து, மாத்திரை அட்டை ஒன்றை மேஜை மேல் எடுத்து வைத்தார்.

"தொண்டை கரகரன்னாலே இதைத்தான் போட்டுப்பா, டாக்டர்."

டாக்டரம்மா அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"இது சளியை ஒண்ணும் பண்ணாதும்மா. சளி தானாவே போயிருக்கும். ஆனா நீங்க போட்டுக்கிட்ட ஒவ்வொரு தடவையும் வயித்துல இருந்த கிருமில தாங்காதது செத்துச்சு, தாங்குனது பெருகுச்சு. இப்ப இருக்கிறது பூரா தாங்குனது. நான் குடுத்ததும் இதோட பங்காளி மருந்துதான்."

சின்னவளுக்கு மட்டும் மருந்து ஏன் கேட்டது என்று நான் கேட்கவில்லை. அவள் போர்த்திக்கொண்டு தூங்கினாள். நான் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே மாத்திரையை விழுங்கினேன்.

மாத்திரை இல்லாமல் வேறு வழி உண்டா என்று கேட்டேன். பச்சைத் தேயிலைச் சாறு, தயிரில் இருக்கிற நல்ல கிருமி என்று எங்கேயோ படித்ததை எல்லாம் எடுத்துவிட்டேன். தேயிலைச் சாறு லேப் தட்டில் கிருமியை அடக்கும், வயிற்றில் அப்படி நடக்குமென்று நம்ப முடியாது என்றார். நல்ல கிருமி துணைக்கு ஆகும், தனியாகப் போதாது. கிருமியைத் தின்னும் வைரஸ்வரைக்கும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள், என் புண் அதுவரை காத்திருக்காது. வேறு மருந்துகள் நாலு சேர்த்துக் கொடுப்பதாகவும், அதில் ஒன்று நாக்கைக் கறுப்பாக்கும், ஒன்று வாயெல்லாம் இரும்பு ருசி காட்டும் என்றும் சொன்னார். சீசன் முடிந்ததும் ஆரம்பிக்கலாமா என்று கெஞ்சினேன். ரத்தம் கசியும் புண்ணைத் திரையில் காட்டினார். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டேன்.

இரண்டு வாரம் தண்ணீர்கூட ஆணியைச் சப்பியது போல இருந்தது. கண்ணாடியில் கறுத்த நாக்கைப் பார்த்தால் எனக்கே பயமாக இருந்தது. அந்த நாக்கை வைத்துக்கொண்டு என்ன தீர்ப்பு சொல்வது? நாற்காலியில் சின்னவள் உட்கார்ந்தாள். வெளியூர் வியாபாரிகள் வந்த அன்று அவள் ஏதாவது ஒன்றில் தப்பு சொல்லிவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. இரண்டாம் தடவை அவர்கள் வரும்போதும் சரியாக நடந்தால் நாற்காலி அவளுக்கே என்று மேனேஜர் சொல்லிவிட்டார். ருசி திரும்பி நான் வேலைக்குப் போனபோது அவள் பக்கத்தில் நின்று கோப்பை நகர்த்தினேன். ஒவ்வொரு நாளும் உள்ளுக்குள் வெந்தேன்.

என் மூச்சு சுத்தம் என்று முடிவு வந்த மறுநாள்தான் வியாபாரிகள் இரண்டாம் முறை வருவதாக இருந்தது. சீக்கிரமே போனேன். சின்னவள் நாற்காலியில் இருந்தாள். மூக்கு மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது. கையில் ஒரு மாத்திரை அட்டை. என்னுடையதுதான், சமையலறை அலமாரியில் மறந்துபோன ஒன்று.

"இன்னிக்கி ஒரு நாள்தானே அக்கா" என்றாள். குரல் கம்மியிருந்தது. "இன்னிக்கிப் போய் லீவு போட்டா..."

அதற்கு மேல் அவள் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பயம் எனக்கு மனப்பாடம்.

விழுங்கட்டும் என்று நினைத்தேன். ஒரு நிமிஷம் முழுசாக நினைத்தேன். பிறகு அட்டையைப் பிடுங்கித் துப்பும் தொட்டியில் போட்டேன்.

"நாற்காலி வேணும், அதானே உங்களுக்கு?"

"வேணும். இப்பவும் வேணும். ஆனா இதப் போட்டா சளியும் போகாது, நாளைக்கு உனக்கு மருந்தும் கேக்காது. நான் பட்டது போதும். வீட்டுக்குப் போய்த் தூங்கு."

அவள் நம்பவில்லை. என்னைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள். மூக்கடைத்த வாயால் எப்படியும் தேயிலையைப் பிரிக்க முடியாது என்று அவளுக்கே தெரியும். எழுந்தவள், பையிலிருந்து மடிப்புக் கலையாத கைக்குட்டை ஒன்றை எடுத்து, பஸ்ஸில் இடம் பிடிக்கிறவள் மாதிரி நாற்காலியில் விரித்துப் போட்டுவிட்டுப் போனாள்.

அன்று எல்லாக் கோப்பைகளையும் நானே பார்த்தேன். நாக்கு சொன்னபடி கேட்டது. தீர்ப்புகளைக் கேட்டு மேனேஜர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். எனக்குக் கால் கடுத்தது. வியாபாரிகளில் ஒருவர், எவ்வளவு நேரம் நிற்பீர்கள், உட்காருங்கள் என்று நாற்காலியை என் பக்கம் இழுத்தார்.

கைக்குட்டையைப் பார்த்தேன். எடுத்து மேடையில் போட எவ்வளவு நேரம் ஆகும்?

"அதுல ஆள் இருக்கு" என்றேன்.