ஒன்பதாம் எண் பிரஸ்

ஒரே வேலையைப் பத்து முறை செய்வதென்றால் எனக்கு எரிச்சல் வரும். அதனால்தான் 2008இல், ஓசூர் சிப்காட்டில், இரும்புத் தகடுகளை அழுத்தி வடிவமைக்கும் எங்கள் பிரஸ் ஷாப்புக்கு எழுதிய ஜாவா மென்பொருளைத் தனித்தனிப் பகுதிகளாக, கழற்றி மாட்டும்படி எழுதினேன். பிரஸ்ஸைக் கண்காணித்து, முன்கதவு திறந்திருந்தால் அதை இறங்கவிடாத பகுதியை எழுதியது ஒரே ஒரு முறை. புது மெஷின் வந்தால் அதற்கு ஒரு கான்ஃபிக் ஃபைல் போதும்: மெஷினின் பெயர், முன்கதவு சென்சாரின் எண், இன்னும் நாலைந்து வரிகள். ஃபைலை வைத்ததும் மென்பொருளே அந்த மெஷினுக்கென்று அந்தப் பகுதியின் தனிப் பிரதி ஒன்றை, ஒரு இன்ஸ்டன்ஸை, உருவாக்கிக்கொள்ளும். விருந்தினர் யார் வந்தாலும் மேனேஜர் நாராயணப்பன் என்னைக் கூப்பிட்டு அதைச் செய்துகாட்டச் சொல்வார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியாது.

ஃபைலில் ஒரு வரி விட்டுப்போனாலும் மென்பொருள் நிற்காது, தானே ஒரு மதிப்பை எடுத்துக்கொள்ளும். சென்சார் எண் இல்லையென்றால், கதவு மூடியிருப்பதாக எடுத்துக்கொள்ளும். என் மேஜையில் சென்சார் இல்லாமல் சோதித்துப் பார்ப்பதற்காக நானே வைத்த ஏற்பாடு அது. பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டேன். மாற்றவே இல்லை.

ஒன்பதாம் எண் பிரஸ் பெங்களூரிலிருந்து பழையதாக வாங்கியது. எட்டாம் எண்ணின் ஃபைலை நகலெடுத்துப் பெயரை மாற்றினேன், பழைய சென்சார் எண்ணை அழித்தேன். புது எண்ணை எலக்ட்ரீஷியன் கங்கப்பனிடம் கேட்க வேண்டும். சாப்பாட்டு நேரம், அவர் கேன்டீனில் இருந்தார். திரையில் பச்சை விளக்கு வந்துவிட்டது. நானும் சாப்பிடப் போய்விட்டேன்.

நான்காம் நாள் அதில் நின்றவர் தங்கதுரை அண்ணன். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர், ஐ.டி.ஐ. படித்தவர், பதினோரு வருட ஆபரேட்டர். சிக்கிய தகட்டை எடுக்கக் கதவைத் திறந்து கையை விட்டார். கால் பெடலில் பட்டது. கதவு திறந்திருந்தால் பெடலை மிதித்தாலும் பிரஸ் இறங்கக் கூடாது. இறங்கியது. வலது கையில் நான்கு விரல்கள் போயின.

ஆம்புலன்ஸ் கிளம்பியதும் நான் செய்த முதல் காரியம், ஃபைலில் விட்டுப்போன அந்தச் சென்சார் வரியை எழுதியதுதான். இரண்டு நிமிட வேலை.

விசாரணையன்று நாராயணப்பன் கம்ப்யூட்டர் பதிவை அச்செடுத்து மேஜைமேல் வைத்திருந்தார். விபத்து நடந்த நொடியில் கதவு மூடியிருந்தது என்று அது சொன்னது. அப்படியானால் தங்கதுரை சென்சாரில் காந்தத்தை ஒட்டி, கதவு மூடியிருப்பதாக அதை ஏமாற்றியிருக்கிறார் என்றார். வேகமாக வேலையை முடிக்கச் சில ஆபரேட்டர்கள் அப்படிச் செய்வதுண்டு. காந்தம் எதுவும் கிடைக்கவில்லை. வீசியெறிந்திருப்பார் என்று எழுதிக்கொண்டார்கள். தப்பை ஒத்துக்கொண்டால் ஸ்டோரில் வேலை, இல்லையென்றால் டிஸ்மிஸ்.

வெளியே பெஞ்சில் மனைவி பேச்சியம்மாளோடு உட்கார்ந்திருந்த தங்கதுரை அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

"நான் காந்தம் வைக்கல தம்பி. கதவு தொறந்துதான் கெடந்துச்சு, என் கண்ணால பாத்தேன். ஆனா மூடியிருந்துச்சுன்னு கம்ப்யூட்டர் சொல்லுதாம். அத எழுதுனது நீதான. அதுல தப்பு வர வாய்ப்பு இருக்கா? இருந்தா சொல்லு, நான் ஒத்துக்க மாட்டேன்."

பேச்சியம்மாள் என் வாயையே பார்த்தார். எனக்கு அடுத்த மாதம் கல்யாணம், வேலை போய்விடும், போலீஸ் வரும் என்று என்னென்னவோ ஓடியது. அதெல்லாம் சாக்கு. பயந்தேன், அவ்வளவுதான்.

"இல்லண்ணே" என்றேன்.

"அப்ப முந்தின ஷிப்ட்டுக்காரன் எவனாவது வச்சிருப்பான். நான்தான் பாக்காம விட்டுட்டேன் போல" என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே அவர் எழுந்தார்.

கையெழுத்துப் போடும் கை கட்டுக்குள் இருந்ததால், ஐ.டி.ஐ. படித்த மனிதரின் இடது கட்டைவிரலை மையில் உருட்டிக் காகிதத்தில் வைத்தார்கள். அந்த மையைத் துடைக்க அவருக்கு இன்னொரு கை இல்லை. நான்தான் என் கைக்குட்டையால் துடைத்துவிட்டேன்.

"நல்லாயிரு தம்பி" என்றார்.