கதவைத் தட்டாத ஐஸ்கிரீம் கடைப் பெண்

"இவனுக்கு என்னதான்க்கா பிரச்சனை?" என்று புத்தகத்தை மடியில் கவிழ்த்தான் தம்பி.

"யாருக்கு?" அக்காவின் குரல் தலையணைக்குள்ளிருந்து வந்தது.

"இந்தப் படகுக்காரப் பையனுக்கு. அந்த ஐஸ்கிரீம் கடைப் பொண்ணு எதிர்ல வர்றா. இவன் பாட்டுக்கு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போறான். நேத்தும் இதேதான் பண்ணான்."

"அவ வேற ஒருத்தனைக் கட்டிக்கப் போறான்னு நினைச்சிட்டான்டா. அன்னைக்கு ஐஸ்கிரீம் கடை வாசல்ல பாதிப் பேச்சைத்தானே கேட்டான்."

"மீதிப் பேச்சையும் கேட்டுட்டுப் போனா என்ன? நின்னா கால் தேஞ்சிடுமா?"

"கேட்டுட்டா அப்புறம் கதை ஏது? படிடா."

படித்தான். வேறு வழியில்லை.

அக்காவுக்கு வலது கண்ணில் விழித்திரை பிய்ந்து போயிருந்தது. ஆபரேஷன் செய்து, உள்ளே ஒரு காற்றுக் குமிழை வைத்து அனுப்பியிருந்தார்கள். குமிழ் மேலே மிதந்துபோய்ப் பிய்ந்த இடத்தை அழுத்திப் பிடிக்க வேண்டுமாம். அதற்கு முகம் எந்நேரமும் தரையைப் பார்த்தபடி இருக்க வேண்டும். கட்டிலில் குப்புறப் படுத்து, நெற்றியை ஒரு தலையணைக்கும் தாடையை இன்னொன்றுக்கும் கொடுத்துவிட்டு, நடுவிலிருந்த சந்து வழியாக அவள் சிமெண்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கண் நல்ல கண்தான். ஆனால் அது வரிக்கு வரி ஓடினால் வலதும் கூடவே ஓடும் என்று டாக்டர் அதற்கும் சேர்த்துத் தடை போட்டுவிட்டார். புத்தகம் கூடாது, போன் திரை கூடாது.

சட்டை தைக்கும் கம்பெனியில் அக்காவுக்குத் துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷின். அங்கே சாப்பாட்டு மேஜையில் அவளுக்கு இரண்டு கூட்டாளிகள்: இஸ்திரி போடும் அக்கா ஒருத்தி, பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பவள் ஒருத்தி. மூன்று பேரும் படிப்பது ஒரே வகைப் புத்தகம். ஒரு கடற்கரை ஊர், ஒரு கோடை விடுமுறை, பள்ளி முடித்து அத்தை வீட்டுக்கு வந்த ஒரு பெண், சட்டைக்குப் பொத்தானே போடாத ஒரு பையன், தூரத்தில் ஒரு கலங்கரை விளக்கம். தங்களில் பாதி வயதுக்காரர்களின் காதலை மூன்று பேரும் வெட்கமில்லாமல் படிப்பார்கள். வாரத்துக்கு இத்தனை அத்தியாயம் என்று பேசி வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மதியம் போனில் கூடி, அந்தப் பையனையும் பெண்ணையும் அலசிக் காயப்போடுவார்கள்.

இப்போது அக்காவின் மெஷினில் ஒரு புதுப்பெண்ணை உட்கார வைத்திருந்தார்கள். மெஷினோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவள் சாப்பாட்டு மேஜையில் அக்காவின் நாற்காலியிலும் உட்கார்ந்து, இப்போதைய புத்தகத்தையும் படிக்க ஆரம்பித்துவிட்டாள். கெட்டிக்காரி, சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறாளாம். "நீ ரெஸ்ட் எடும்மா, குணமானதும் கதையை நாங்களே சொல்றோம்" என்று இஸ்திரி அக்கா அன்பாகத்தான் சொன்னாள். அக்காவுக்கு அது ஆகவில்லை.

"அவங்க மென்னு துப்புனதை நான் கேக்கணுமா? ஒரு ஞாயித்துக்கிழமை எனக்குப் பேச ஒண்ணும் இல்லைன்னு வெச்சுக்க, அடுத்த வாரம் என்னைக் கூப்பிட மறந்துடுவாங்கடா. வேணும்னு இல்ல. தானா மறந்துடும்."

தம்பிக்கு அது தெரிந்த கதைதான். கல்லூரியை அவன் நடுவில் விட்டபோது, கூடப் படித்தவர்களும் வேணுமென்று மறக்கவில்லை. தானாகத்தான் மறந்தார்கள்.

அவனுக்குக் குளிர்பதனக் கிடங்கில் இரவு வேலை. லாரியிலிருந்து மீன் பெட்டிகளை இறக்கி உள்ளே அடுக்க வேண்டும். காலையில் வந்து படுத்தால் உச்சி வெயிலில் முழிப்பு வரும். சாப்பிட்டுவிட்டு மறுபடி ஒரு தூக்கம் போடுவான். அந்த இரண்டாம் தூக்கத்தைத்தான் இந்தப் புத்தகம் தின்றது. கடல் என்றால் அவனுக்கு அட்டைப்பெட்டிக்குள் கட்டியாக உறைந்து வருவது, கையுறையைத் தாண்டி விரலைக் கடிப்பது. புத்தகத்தில் அது பக்கத்துக்குப் பக்கம் வெள்ளியாக உருகியது. அவன் அந்தப் பக்கங்களைத் தாண்டினான்.

"டேய், கடல் எங்கடா?" என்றாள் அக்கா. "அவ வந்து நின்னு இவ்வளவு நேரமாச்சு, கடலே காணோம்."

"இருக்கு. அலை அடிக்குது."

"அவ்வளவுதானா?"

"நல்லா அடிக்குது."

முதல் ஞாயிறு தப்பித்தது. சூரியன் மறைகிற இடம் எப்படி என்று காஜாக்காரி கேட்க, "அடடா, அதைச் சொல்லணுமா" என்று அக்கா பொதுவாகச் சமாளித்துவிட்டாள். இந்தப் பேச்சில் யார் எதைப் படித்தார்கள் என்று யார் கண்டது என்று தம்பி முடிவு கட்டினான். அங்கேதான் அவனுக்குச் சனி பிடித்தது.

இரண்டாவது வாரம் படகுக்காரப் பையன் பேச்சை நிறுத்தினான். அந்தப் பெண் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள். அடுத்த அத்தியாயத்திலும் அழுதாள். தம்பி பக்கங்களைப் புரட்டிப் பார்த்தான். அழுகைக்கு முடிவு கண்ணுக்கெட்டிய தூரம் வரை இல்லை. ஒரே தெருவில் இரண்டு பேரும் இருக்கிறார்கள். காலில் செருப்பை மாட்டிக்கொண்டு போய் ஒரு வார்த்தை கேட்டால் முடிகிற விஷயம். தூக்கம் கெட்ட தலை விண்விண் என்று தெறித்தது. கண் புத்தகத்தில் இருக்க, வாய் தன் இஷ்டத்துக்குச் சொல்ல ஆரம்பித்தது.

"அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். நேராக அவன் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாள். 'உனக்கு என்ன பிரச்சனை, சொல்லித் தொலை' என்றாள்."

கட்டில் கிரீச்சிட்டது. "அட! அப்படியா கேட்டா?"

"ஆமா, போட்டிருக்கு. அவனும் சொல்லிட்டான். இவ 'போடா லூசு, அவன் எனக்கு அண்ணன் முறை'ன்னுட்டா. சரியாப் போச்சு."

"இப்பதான்டா இந்தப் பொண்ணுக்குப் புத்தி வந்திருக்கு! மேல படி."

மேலே என்ன இருக்கிறது படிக்க? புத்தகத்தில் அவள் ஜன்னலை விட்டு நகரவில்லை. அழுகையைத் தாண்டிப் போகலாம் என்று பார்த்தவன், மீதிக் கதை முழுவதையும் தன் தலையில் ஏற்றிக்கொண்டான். வாசித்தாலாவது யாரோ எழுதி வைத்திருப்பார்கள். இனி ஒவ்வொரு மதியமும் அவனே அவித்துக் கொட்ட வேண்டும். சண்டை தீர்ந்த காதலர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. கடற்கரையில் சும்மா நடக்கவிட மனசு வரவில்லை, வேலைக்கு அனுப்பினான். பையன் ஐஸ் கம்பெனியில் சேர்ந்தான். ஷிப்ட் மாற்றிப் போட்டதற்கு மேஸ்திரியோடு மல்லுக்கு நின்றான். அந்தப் பெண், ஐஸ்கிரீம் கடை முதலாளியிடம் பிரீசர் ரப்பர் கிழிந்திருப்பதைக் காட்டி, "இதை மாத்தலேன்னா நாளைக்கு எல்லாம் பாயசம்தான்" என்று கத்தினாள்.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்தால் கண் அதிரும் என்று அவனே அதட்ட வேண்டியிருந்தது. கிடங்கில் பெட்டி அடுக்கும்போதுகூட, நாளைக்கு அந்த முதலாளி என்ன சொல்லுவான் என்று யோசிக்கத் தொடங்கினான். அதில் அவனுக்கே அவன்மேல் எரிச்சல்.

"ஞாயித்துக்கிழமை வரட்டும்" என்றாள் அக்கா. "அந்தக் கதவைத் தட்டுனதை வெச்சே ஒரு மணி நேரம் பேசுவேன். புதுப்பெண் வாயடைச்சுப் போகணும்."

மற்ற மூன்று பேர் கையிலும் நிஜப் புத்தகம் இருப்பது தம்பிக்கு அப்போதுதான் உறைத்தது. சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தான். அவள் குப்புறப் படுத்தபடியே காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அந்தக் கால் ஆடி அவன் பார்த்ததில்லை. போய்ப் படுத்துவிட்டான்.

ஞாயிறு மதியம் போனைக் கட்டிலுக்கு அடியில், அவள் முகத்துக்கு நேர்கீழே, ஒரு முக்காலியில் வைத்தான். ஸ்பீக்கரில் மூன்று பேரும் வந்தார்கள்.

"எனக்கு ரொம்பப் பிடிச்சது எது தெரியுமா?" என்று அக்கா முந்திக்கொண்டாள். "அவ நேரா போய்க் கதவைத் தட்டுனா பாருங்க, அதான்."

அந்தப் பக்கம் புத்தகத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"யார் வீட்டுக் கதவை?" என்றாள் காஜாக்காரி.

"படகுக்காரன் வீட்டுக் கதவைத்தான். 'சொல்லித் தொலை'ன்னு கேட்டாளே!"

"அவளா? அவ வாரம் பூரா ஜன்னலோரத்துல மூக்கைச் சிந்திக்கிட்டுல்ல இருக்கா!"

"இல்லப்பா. அப்புறம் அவன் ஐஸ் கம்பெனில சேந்து, மேஸ்திரிகிட்ட சண்டை போட்டு..."

புதுப்பெண் களுக்கென்று சிரித்தாள். "அக்கா, மாத்திரை கொஞ்சம் தூக்கலா குடுத்துட்டாங்க போல."

காஜாக்காரியும் சிரித்தாள். இஸ்திரி அக்கா சிரிக்கவில்லை. அவள் குரல் இறங்கிப்போனது, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையிடம் பேசுவது மாதிரி. "ஏம்மா, அரைத் தூக்கத்துல கேட்டிருப்ப. கனவும் கதையும் கலந்துடுச்சு. இப்ப இதெல்லாம் உனக்கு எதுக்கு? உடம்பு தேறட்டும். அதுவரைக்கும் நாங்க கூப்பிட்டுத் தொந்தரவு பண்ணல, சரியா?"

"நான் தெளிவாத்தான் கேட்டேன்" என்றாள் அக்கா. "கேட்டேனே..." இரண்டு கையும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன.

தம்பி வாசற்படியில் நின்றான். மாத்திரை மயக்கம் என்று அவர்களே அவனுக்கு வழி திறந்து விட்டிருந்தார்கள். பேசாமல் இருந்தால் புத்தகமும் ஒழிந்தது; நாளையிலிருந்து நிம்மதியாகத் தூங்கலாம். அந்தக் குழைந்த குரல்தான் அவனால் பொறுக்க முடியாமல் போயிற்று. குனிந்து போனை எடுத்தான்.

"அவளுக்கு மயக்கமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நான்தான் மாத்திப் படிச்சேன்."

"யாரது?"

"தம்பி. கதவைத் தட்டுனது, ஐஸ் கம்பெனி, எல்லாம் என் வேலை. புத்தகத்துல அவ அழுதுகிட்டுத்தான் இருக்கா. எனக்குத் தாங்கல."

"அடப்பாவி!" அக்கா தலையைத் தூக்கப் போனாள்.

"தூக்காத! தூக்காத!"

"என்னைப் பைத்தியக்காரின்னு நினைச்சிட்டாங்களேடா! நீ நல்லா இருப்பியா?"

போனிலிருந்து மூன்று வாயும் ஒரே நேரத்தில் திறந்தன. நோயாளியை ஏமாத்தறியே, உனக்குச் சோறு இறங்குதா என்றாள் காஜாக்காரி. அக்காவை விட்டுவிட்டு மொத்தமும் அவன்மேல் இறங்கியதில், நடுவே அக்காவும் அவர்களோடு சேர்ந்துகொண்டு அவனைத் திட்டினாள். நான்கு பேரும் ஒரே கட்சி.

"சரி, ஒரு நிமிஷம்" என்றான். "ஒரே தெருவுல இருக்காங்க. ஒரு வார்த்தை கேட்டா முடிஞ்சிடும். இதுக்கு எதுக்கு இத்தனை பக்கம்?"

"முடியறதுக்காடா படிக்கறோம்?" என்றாள் இஸ்திரி அக்கா. "வீட்டுல எல்லாம் ஒரே வார்த்தைதான். ஆக்கியாச்சா, ஆச்சு. தேச்சாச்சா, ஆச்சு. எவனோ ஒருத்தன் ஒரு வார்த்தை சொல்ல முடியாம இத்தனை பக்கம் தவிக்கிறான். அதை உக்காந்து பாக்கறது எவ்வளவு சுகம் தெரியுமா? அதுல வந்து கதவைத் தட்டுறானாம்!"

"என் வீட்டுக்காரர் என்கிட்ட முதல்ல பேசுனதே 'சார்ஜர் எங்க'ன்னுதான்" என்றாள் காஜாக்காரி.

"இவனை நம்பி இனி ஆகாது" என்றாள் இஸ்திரி அக்கா. "ஏம்மா, நாளைலேருந்து சாப்பாட்டு நேரத்துல போனை மேஜைல வெச்சிடறோம். ஆளுக்குக் கொஞ்சமா நாங்களே படிக்கறோம். இவன் கெடுத்த இடத்துலேருந்து ஆரம்பிக்கலாம்."

"படிச்சதையே மறுபடியுமா?" என்று புதுப்பெண் இழுத்தாள்.

"நீதான் முதல்ல படிக்கற. குரல் நல்லா இருக்குல்ல?" என்றாள் அக்கா, தலையணைச் சந்துக்குள்ளிருந்து. அது சாப்பாட்டு மேஜையில் பேசுகிற அவளுடைய பழைய அதிகாரக் குரல்.

மறுநாள் உச்சிவேளையில் போன் வந்தது. தட்டுச் சத்தம், நாற்காலி இழுக்கும் சத்தம், யாரோ இருமும் சத்தம் எல்லாம் கட்டிலுக்கு அடியிலிருந்து கிளம்பி அறையை நிறைத்தன. "ஊறுகாயை இப்படித் தள்ளு" என்று யாரோ சொல்ல, "எனக்கும்" என்றாள் அக்கா. அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. தம்பியிடம் அவள் நேற்றிலிருந்து பேசவில்லை.

அவன் சாப்பிட்டுவிட்டு அடுத்த அறையில் போய்ப் படுத்தான். இரண்டாம் தூக்கத்துக்கு இப்போது யாரும் குறுக்கே இல்லை. கதவைச் சாத்தினான். சாத்தியும் கேட்டது. புதுப்பெண் நன்றாகத்தான் படித்தாள். கடலைக்கூட ஒரு வரி விடாமல் படித்தாள். ஐஸ்கிரீம் கடைப் பெண் ஜன்னலை விட்டு எழுந்து தெருவில் இறங்கினாள். நடந்தாள். படகுக்காரன் வீட்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டாள். தம்பி தலையணையிலிருந்து தலையைத் தூக்கினான். அவள் கையை ஓங்கினாள். ஓங்கிய கையை இறக்கிக்கொண்டு திரும்பிப் போனாள்.

"தட்டித் தொலையேன்டி!" என்று கத்திக்கொண்டு கதவைத் திறந்தான்.

வாசிப்பு நின்றது. "அங்க யாரு?" என்றாள் இஸ்திரி அக்கா.

"தூங்கறவன்" என்றாள் அக்கா. தரையைப் பார்த்தபடியே அவனிடம் சொன்னாள்: "வாயை மூடிக்கிட்டு இருக்கறதா இருந்தா உக்காரு. இல்லேன்னா போய்ப் படு."

ராத்திரி வேலை இருந்தது. சுவரோரமாக உட்கார்ந்தான்.